"கவர்மென்ட் பாஸ் பண்ணின மருந்துதானே?"

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த வெருலம் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காய்கறித் தோட்டம். பீன்ஸ், பச்சை மிளகாய், கொத்தமல்லி, புதினா, வெந்தயக்கீரை, ஓடையோரமாகக் கொஞ்சம் மடும்பி (சேப்பங்கிழங்கு). இதுவரை மருந்தடிப்பதெல்லாம் மாமா (கணவரின் அப்பா) பார்த்துக்கொண்டார். இப்போது அவருக்கு முடியவில்லை, பொறுப்பு என் கைக்கு வந்துவிட்டது. வெந்தயக்கீரையில் அசுவினி ஏறியிருக்கிறது. பீன்ஸுக்கு வாங்கிய மருந்தையே அதற்கும் அடிக்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறார், செய்யலாமா? மருந்து ரூமைத் திறந்தாலே பயமாக இருக்கிறது. லேபிள் போன டின்கள், கோக் பாட்டிலில் கறுப்பாக ஏதோ ஒன்று, எலிக்கு என்று டாக்சி ரேங்கில் (டாக்சி நிற்குமிடத்தில்) வாங்கிய கறுப்புக் குருணை ஒரு பொட்டலம். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாமாவைக் கேட்டால், "எல்லாம் கவர்மென்ட் பாஸ் பண்ணின மருந்துதானே" என்கிறார். அப்புறம், பக்கத்துக் கரும்புக்காரர் களைக்கொல்லி அடித்த பிறகு எங்கள் மிளகாய்ச் செடியில் இலையெல்லாம் சுருண்டு நாடா மாதிரி நீண்டுவிட்டது. இதை யாரிடம் சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் முதலில் கேட்டிருப்பது வெந்தயக்கீரையைப் பற்றி, ஆனால் நான் அந்தப் பொட்டலத்திலிருந்துதான் தொடங்கப் போகிறேன். கீரை ஒரு வாரம் பொறுக்கும். பொட்டலம் பொறுக்காது. இதைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

டாக்சி ரேங்கிலும் சந்தை வாசலிலும் எலிமருந்து என்று சின்னப் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிற கறுப்புக் குருணை எலிமருந்தே கிடையாது. அது பெரிய பண்ணைகளில் மண்ணுக்குள் போடுகிற பூச்சிமருந்து. பண்ணைக்கு வந்த பெரிய மூட்டையிலிருந்து எப்படியோ வெளியே கசிந்து, கை மாறி, பெயர் இல்லாமல், எச்சரிக்கை இல்லாமல், பிள்ளைகள் மிட்டாய் வாங்குகிற அதே தெருவுக்கு வந்துவிடுகிறது. ஹலேபிரிமி என்றும் டூ ஸ்டெப் என்றும் ஆட்கள் சொல்வது இதைத்தான். முன்பு அது பெரும்பாலும் ஆல்டிகார்பாக இருந்தது. 2016-இல் அதற்குத் தடை வந்து சரக்கு குறைந்ததும் அந்த இடத்தை டெர்பூஃபாஸ் பிடித்துக்கொண்டது. மக்காச்சோளம், உருளைக்கிழங்கு மாதிரிப் பயிர்களில் மண்புழுதியில் இருக்கிற நூற்புழுவுக்கும் பூச்சிக்கும் போடுகிற மருந்து அது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் மிகக் கடுமையான விஷம் என்கிற முதல் வகுப்பில், அதாவது 1ஏ-வில் இருக்கிறது. வாயில் போனால்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்.

2024 அக்டோபரில் சொவேட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தின்பண்டம் சாப்பிட்ட பிள்ளைகள். சோதனையில் டெர்பூஃபாஸ்தான் காரணம் என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார். நவம்பர் 15 அன்று ஜனாதிபதி ராமபோசா தொலைக்காட்சியில் பேசியபோது, செப்டம்பரிலிருந்து 890 உணவு நச்சுச் சம்பவங்கள் பதிவாகியிருப்பதாகவும் குறைந்தது 22 பிள்ளைகள் இறந்திருப்பதாகவும் சொன்னார். குப்பை அள்ளாத இடத்தில் எலி பெருகுகிறது, எலிக்காகத்தான் ஜனங்கள் இந்த விஷத்தைத் தேடிப் போகிறார்கள் என்பதையும் அவர் பேச்சில் ஒத்துக்கொண்டார். 2025 ஜூனில்தான் அமைச்சரவை டெர்பூஃபாஸுக்குத் தடை என்று தீர்மானித்தது. தெருவில் இது ஓடுகிறது என்று கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடங்களாக எழுதிக்கொண்டே இருந்தார்கள். தடை வருவதற்குப் பிள்ளைகள் சாக வேண்டியிருந்தது என்பதை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை, ஐரோப்பாவில் அனுமதி இல்லாத மருந்து இது.

சரி, பொட்டலத்தை என்ன செய்வது? பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிட்டு, தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பொட்டலத்தை அப்படியே இன்னொரு கெட்டியான பைக்குள் வைத்துக் கட்டி, இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். டப்பாவின்மேல் பெரிய எழுத்தில் விஷம் என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவதோடு, சுலுவில் ஆபத்து என்று பொருள்படும் Ingozi என்றும் எழுதுங்கள், தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் புரியட்டும். கீழே சிந்தியிருந்தால் விளக்குமாறு போட்டுப் பெருக்காதீர்கள், தூசி கிளம்பும். ஈர மண்ணையோ ஈரத் துணியையோ வைத்து ஒத்தி எடுத்து, அதையும் டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். குப்பைத்தொட்டி, கழிவறை, ஓடை, குழி எதுவுமே இதற்கு இடம் இல்லை. டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டு டர்பனை ஆளும் எத்தேக்வினி நகராட்சியின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவைக் கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். "இதை எங்கே வாங்கினீர்கள்" என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். மாமாவை யாரும் ஜெயிலில் போட்டுவிட மாட்டார்கள். விற்கிறவன் அடுத்த பொட்டலத்தை இன்னொரு வீட்டுக்கு விற்காமல் இருந்தால் போதும்.

இந்த வகை விஷம் உடம்பில் போனால் என்ன தெரியும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், வாயில் எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், வாந்தியும் பேதியும் வரும், நெஞ்சு இறுகும், தசை துடிக்கும். நரம்புக்கும் தசைக்கும் நடுவில் வேலை செய்கிற ஒரு நொதியை மருந்து முடக்கிவிடுவதால் இப்படி ஆகிறது. ஆஸ்பத்திரியில் இதற்கு மாற்று மருந்தாக அட்ரோபின் இருக்கிறது, ஆனால் நேரம் முக்கியம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் கொடுக்காதீர்கள். உடுப்பைக் கழற்றி சோப்புப் போட்டுத் தோலைக் கழுவுங்கள், டப்பாவையோ லேபிளையோ கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177. விஷத் தகவல் உதவி எண் 0861 555 777, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். இரண்டையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். இந்த மாதிரி மருந்து விஷமேறிய நோயாளி வந்தால் டாக்டர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே "தெரியாமல் ஏதோ சாப்பிட்டுவிட்டான்" என்று மழுப்பாமல் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். நம் ஊரில் கணக்கில் வராத விஷச் சம்பவங்களில் பாதி இந்த மழுப்பலால்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

எலி இருக்கத்தானே செய்கிறது என்பீர்கள். கோழித்தீவனத்தையும் அரிசியையும் மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், ஓட்டையை இரும்பு வலையால் அடையுங்கள், பொறி வையுங்கள். மருந்துதான் வேண்டும் என்றால் கடையில் பதிவு எண்ணோடு விற்கிற எலிக்கட்டியை, பிள்ளைகள் கை நுழையாத பெட்டிக்குள் வைத்துப் பயன்படுத்துங்கள். அதுவும் விஷம்தான், ஆனால் ரத்தம் உறையாமல் செய்து மெதுவாக, நாள் கணக்கில் வேலை செய்கிற விஷம். தப்பித் தவறி ஒரு பிள்ளை வாயில் போட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் இருக்கும், மாற்று மருந்தாக வைட்டமின் கே1 இருக்கிறது. குருணை அந்த அவகாசத்தைத் தராது.

அடுத்தது கோக் பாட்டில். அதைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள். கறுப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு முதலில் தோன்றியது பாராகுவாட். கரும்புக்காரர்களும் காய்கறிக்காரர்களும் வரப்புக்கு அடிக்கிற களைக்கொல்லி. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த பாராகுவாட்டை கோக் என்று நினைத்துக் குடித்துச் செத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. கெட்டியான மருந்தில் ஒரு வாய் போதும், மாற்று மருந்து கிடையாது, நுரையீரல் போய் நாள் கணக்கில் துன்பப்பட்டுச் சாவார்கள். அதனால்தான் கம்பெனிகளே அதில் நாற்றமும் வாந்தி மருந்தும் கலக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே அதை நிறுத்திவிட்டது. உங்கள் பாட்டிலில் இருப்பது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், ஆனால் என்னவென்று தெரியாதவரை மோசமானது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டிலை மூடியோடு ஒரு வாளியில் நிறுத்தி, சுற்றிலும் மணல் கொட்டி, பூட்டிய இடத்தில் வையுங்கள்.

லேபிள் போன டின்களையும் அப்படியே. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து ஊற்றி "ஒரே டின்னாக ஆக்கிவிடுவோம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய மருந்து ரூம்களில் என்ன கிடக்கும் என்று சொல்லவே முடியாது. டிடிடி, டீல்ட்ரின், எண்டோசல்ஃபான் என்று எப்போதோ நிறுத்திய சரக்கெல்லாம் துருப்பிடித்த டின்னில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எரிக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். 2021 ஜூலைக் கலவரத்தில் கோர்னூபியாவில் மருந்துக் கிடங்கு எரிந்தபோது அந்தப் புகையும் நாற்றமும் உங்கள் பக்கம் வரை வந்திருக்குமே, தீயணைத்த தண்ணீர் ஓலாங்கா ஆற்றில் இறங்கி மீன் செத்து மிதந்து, கடற்கரைகளை மாதக்கணக்கில் மூட வேண்டி வந்ததே. டின்களைப் படம் எடுத்து, எது திரவம் எது தூள் என்று ஒரு தாளில் எழுதி, நீங்கள் மருந்து வாங்குகிற கடையிலும் மாகாண வேளாண்மைத் துறையின் விரிவாக்க அதிகாரியிடமும் கொடுங்கள். கிராப்லைஃப் என்கிற மருந்துக் கம்பெனிகளின் சங்கம் காலாவதி மருந்தையும் காலி டப்பாக்களையும் சேகரிப்பவர்களை அறிந்து வைத்திருக்கிறது. அவர்கள் விற்ற பொருள், திரும்ப எடுத்துக்கொள்வதில் அவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

இப்போது மாமா சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். கவர்மென்ட் பாஸ் பண்ணினதுதானே என்று நம் தோட்டக்காரர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. பெரியவர்கள் சட்டத்தை நம்பினார்கள். ஆனால் பாஸ் பண்ணினது எதை என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்த நாட்டில் பூச்சிமருந்தை ஆளுகிற சட்டம் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டம். உரம், கால்நடைத் தீவனம், பயிர் மருந்து, கால்நடை மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சட்டம். அதன்படி வேளாண்மைத் துறையின் பதிவாளரிடம் பதியாமல் எந்தப் பயிர்மருந்தையும் விற்கக் கூடாது. பதிந்த மருந்தின் லேபிளில் எல் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எண் இருக்கும், பக்கத்திலேயே 1947-இன் 36-ஆம் சட்டம் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கம்பெனி, இந்தப் பயிருக்கு, இந்தப் பூச்சிக்கு, இந்த அளவில், இத்தனை நாள் காத்திருந்து அறுவடை செய்தால் என்று தகவல் கொடுத்தது, பதிவாளர் பார்த்து ஒத்துக்கொண்டார். அந்த வரிகளுக்கு வெளியே போனால் யாரும் எதையும் பாஸ் பண்ணவில்லை. மாமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையைப் பேரனுக்குக் கொடுக்க மாட்டோம் அல்லவா, அது நல்ல டாக்டர் எழுதிய நல்ல மாத்திரையாகவே இருந்தாலும்?

இதில் சட்டம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது. தொழிலாகவோ கூலிக்கோ மருந்து பயன்படுத்துகிறவர், லேபிளில் சொன்ன நோக்கத்துக்கும் முறைக்கும் மாறாக அதைப் பயன்படுத்தவும் கூடாது, பயன்படுத்தச் சொல்லவும் கூடாது. ஏழாவது பிரிவு. நீங்கள் கீரையை விற்பதால் இது உங்களுக்குப் பொருந்தும், பீன்ஸ் மருந்தை வெந்தயக்கீரைக்கு அடிக்கச் சொன்ன கடைக்காரருக்கும் பொருந்தும். அடுத்த முறை போகும்போது சண்டை போடாமல், "அண்ணே, இதில் வெந்தயக்கீரை எங்கே போட்டிருக்கிறது, காட்டுங்கள்" என்று லேபிளை அவர் கையில் கொடுங்கள். கடைக்குப் போகாமலே பார்க்க வேண்டுமென்றால், அக்ரி-இன்டெல் என்ற இணையத் தளத்தில் மருந்தின் பெயரையோ பயிரையோ போட்டால் எந்த மருந்து எந்தப் பயிருக்குப் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். உங்கள் கைபேசியிலேயே பார்க்கலாம்.

இது சும்மா சட்டப் பேச்சு இல்லை. பீன்ஸில் மருந்து விழுவது இலையில், நாம் தின்பது இலைக்கு அடியில் தொங்குகிற காய். வெந்தயக்கீரையில் மருந்து விழுகிற இலையையேதான் தின்கிறோம். எடைக்கு இலையின் பரப்பு அதிகம், அதனால் அதே தெளிப்பில் ஒரு கிலோ கீரை பிடித்து வைக்கிற மருந்து, ஒரு கிலோ காய் பிடிப்பதைவிட எவ்வளவோ அதிகம். விதைத்து நாலைந்து வாரத்தில் கட்டுக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புகிற பயிர், மருந்து சிதைய அதற்கு நேரமும் கிடையாது. பீன்ஸ் லேபிளில் போட்டிருக்கிற காத்திருப்பு நாட்களைக் கீரைக்கு எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான். யாரும் அந்த அளவைக் கீரையில் சோதித்துப் பார்க்கவில்லை.

காத்திருப்பு நாள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் தோட்டத்தில் அதிகம் தப்பு நடக்கிற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பீன்ஸையும் மிளகாயையும் ஒரே நாளில் மொத்தமாக அறுப்பதில்லை. பீன்ஸை மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை பறிப்பீர்கள். லேபிளில் காத்திருப்பு 14 நாள் என்று போட்டிருந்தால், பறிப்பு தொடங்கிய பிறகு அந்த மருந்தை அடிக்கவே முடியாது, அடித்தால் அடுத்த மூன்று நாலு பறிப்பைத் தூக்கி எறிய வேண்டும். யாரும் எறிவதில்லை. ஆகவே மருந்து வாங்கும்போதே பூவுக்கு முன்னால் ஒன்று, பறிப்புக் காலத்துக்கு ஒன்று என்று காத்திருப்பு நாளைப் பார்த்துப் பிரித்து வாங்குங்கள். ஒரு நோட்டு வைத்து, எந்தப் பாத்தி, என்ன மருந்து, என்ன அளவு, எந்தத் தேதி, எந்தத் தேதிக்குப் பிறகு பறிக்கலாம் என்று எழுதுங்கள். மார்க்கெட் ஏஜென்ட் கேட்டாலும் காட்டலாம், கணவர் தெரியாமல் பறித்துவிடாமலும் இருப்பார்.

வெந்தயக்கீரைக்கு என்னதான் செய்வது என்றால், உண்மையில் உங்கள் கையில் கொடுக்கப் பதிவான மருந்து ரொம்பக் குறைவு. ஒரு பயிரின் பெயரை லேபிளில் சேர்க்க கம்பெனி வயலில் சோதனை வைத்து பயிரில் தங்கும் மருந்தின் அளவெல்லாம் எடுத்துக் காட்ட வேண்டும், காசு செலவாகும். மக்காச்சோளத்துக்கும் ஆரஞ்சுக்கும் செய்வார்கள். வெந்தயக்கீரைக்கும் மடும்பிக்கும் யார் செய்வார்கள்? நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக விளைவித்து டர்பனுக்கே தீனி போட்ட பயிர்கள், ஆனால் மருந்துப் பதிவேட்டைத் திறந்தால் அவை இருப்பதே தெரியாது. கடைக்காரர் சொல்வதைக் கேட்டு அடிப்பதைத் தவிர வழியில்லை என்கிற நிலைக்குச் சின்ன விவசாயிகளைத் தள்ளுவது இதுதான். இதைப் பதிவாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும், தனியாக இல்லாமல் உங்கள் பக்கத்துக் கீரைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

அதுவரைக்கும் அசுவினி ஏறிய பாத்தியை உடனே தாழ அறுத்து, நல்லதை விற்று மற்றதை அப்புறப்படுத்துங்கள். காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி உதிர்ந்துவிடும். நைட்ரஜன் உரத்தைக் குறையுங்கள், இளசாகத் தளதளவென்று இருக்கிற இலைக்குத்தான் அசுவினி ஓடி வரும். பாத்திகளை ஒரே நேரத்தில் விதைக்காமல் தள்ளித் தள்ளி விதையுங்கள். பொறிவண்டு கண்ணில் பட்டால் அந்தப் பாத்தியைத் தொடாதீர்கள், அசுவினியை அது தின்னட்டும். இயற்கை மருந்து என்று விற்பதையும் எல் எண் பார்த்தே வாங்குங்கள், பயிர்மருந்து என்று விற்கிற எதற்கும் அந்தச் சட்டம் உண்டு.

எல் எண் இருக்கிறது என்பதற்காக ஒரு மருந்து காலத்துக்கும் சரி என்று ஆகிவிடாது, இதையும் மாமாவிடம் சொல்லுங்கள். குளோர்பைரிஃபாஸை எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனையோ வீடுகளில் கரப்பானுக்கும் கறையானுக்கும் அடித்த மருந்து. 2010-இல் வீட்டுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் நிறுத்தினார்கள். 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை (எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருட்களைப் பற்றிய உலக ஒப்பந்தம்) நாடுகள் கூடி, சில விதிவிலக்குகளோடு, உலகம் முழுக்க ஒழிக்க வேண்டிய பட்டியலில் அதைச் சேர்த்தன. முந்தின நாள் வரை பதிவான மருந்துதான் அது. 2023 ஆகஸ்டில் இங்கே புதிய விதிமுறைகளும் வந்திருக்கின்றன. புற்றுநோய் உண்டாக்குவது, மரபணுவைக் கெடுப்பது, கருவையும் கருவுறுதலையும் பாதிப்பது என்று 1ஏ, 1பி வகுப்பில் (முன்பு சொன்ன உலக சுகாதார நிறுவனப் பட்டியல் இல்லை, இது வேறு வகைப்பாடு) வருகிற மருந்துகளுக்கு, தனியாக விதிவிலக்கு வாங்கினால் ஒழிய, 2024 ஜூன் 1 முதல் இடம் இல்லை என்கின்றன. நல்ல விதி. விதிவிலக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் அதன் பலம் தெரியும், நாம் எல்லோரும் கண்ணை வைத்திருக்க வேண்டிய இடம் அது.

லேபிளின் அடியில் ஒரு வண்ணப் பட்டை பார்த்திருப்பீர்கள். சிவப்பு மிகக் கடுமையான விஷம், அதற்கடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. உங்கள் தோட்ட அளவுக்குச் சிவப்புப் பட்டை மருந்து ஒன்றுகூடத் தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம், யார் பரிந்துரைத்தாலும் சரி. உங்களோடு வேலை செய்கிற அம்மா யாராவது இருந்தால் அவரையும் உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள். லேபிள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும்தான் இருக்கும், அவருக்குச் சுலுதான் படிக்கத் தெரியும் என்றால் அந்தச் சின்னச் சின்னப் படங்களைத்தான் பார்ப்பார். அந்தப் படங்களைப் பண்ணைத் தொழிலாளிகள் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆய்வுகளே சொல்கின்றன. வெறும் கையால் மருந்து கலக்க அவரை விடாதீர்கள். கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுப்பது உங்கள் கடமை, அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மருந்தடித்த உடுப்போடு அவர் டாக்சி ஏறி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிற நிலைமை வேண்டாம், மாற்று உடுப்பு வைத்துக்கொள்ளவும் குளிக்கவும் ஓர் இடம் கொடுங்கள்.

கடைசியாக மிளகாய். இலை சுருண்டு நாடா மாதிரி நீளுவது 2,4-டி மாதிரி ஹார்மோன் களைக்கொல்லி காற்றில் வந்து பட்டதன் அடையாளமாக இருக்கலாம், ஆனால் தேமல் வைரஸும் சிலந்திப்பேனும் கிட்டத்தட்ட அதே தோற்றத்தைக் கொடுக்கும். பக்கத்துக்காரரிடம் போவதற்கு முன் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். கரும்புப் பக்கத்து வரிசையில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால், மிளகாயோடு பீன்ஸும் வரப்பில் இருக்கிற அகன்ற இலைக் களைகளும் சேர்ந்து முறுக்கியிருந்தால், அது மருந்துதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக மிளகாயில் மட்டும் இருந்தால் வைரஸைச் சந்தேகப்படுங்கள். இரண்டிலும் படம் எடுங்கள், தேதியும் அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதும் எழுதுங்கள். பாதித்த செடியில் சிலதைப் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், சாப்பாட்டுச் சாமானோடு வேண்டாம்.

நம் மாகாணத்தில் இது புதிய சண்டை இல்லை. கேம்பர்டவுன் பக்கம் டாலா பள்ளத்தாக்குக் காய்கறி விவசாயிகள் 1980-களில் இதே ஹார்மோன் களைக்கொல்லியால் பயிரை இழந்து, மருந்தைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாது என்று கோர்ட் வரை போனார்கள். 1990-இல், அப்போது நேட்டால் என்றிருந்த நம் மாகாணத்தின் நீதிமன்றத்தில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. ஆனால் அந்தப் போராட்டக் காலத்தில்தான் நேட்டாலில் இந்த வகை மருந்துகளுக்கென்று தனிக் கட்டுப்பாடுகள் வந்தன. ஆகவே உங்கள் புகாரை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் பக்கத்துக்காரரோடு பேசுங்கள். என்ன மருந்து அடித்தார், எல் எண் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இனிமேல் அடிக்கும்போது முந்தின நாள் உங்களுக்குச் சொல்லவும், காற்று உங்கள் பக்கம் அடிக்கிற நேரத்தில் நிறுத்திவைக்கவும், உங்கள் எல்லையோரம் சில வரிசைகளைக் கையால் களையெடுக்கவும் கேளுங்கள். அவர் நல்ல மனிதராக இருந்தால் மவுண்ட் எட்ஜ்கூம்பில் இருக்கிற கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசகரை இருவருமாகச் சேர்ந்து கூப்பிடுங்கள், ஹார்மோன் இல்லாத களைக்கொல்லி எது பொருந்தும் என்று அவர்கள் சொல்வார்கள். ஒத்துவரவில்லை என்றால் படம், தேதி, மருந்தின் பெயர் எல்லாவற்றையும் வைத்து 36-ஆம் சட்டத்தின் பதிவாளருக்கு எழுதி, ஆய்வாளரை அனுப்பச் சொல்லுங்கள், நகலை விரிவாக்க அதிகாரிக்கும் கொடுங்கள். பொத்தாம்பொதுவாக எழுதாமல் லேபிளில் காற்றைப் பற்றி எழுதியிருக்கிற வரியைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள், ஏனென்றால் அவருக்கும் அதே ஏழாவது பிரிவுதான்.

அந்த மிளகாயை இப்போதைக்கு விற்காதீர்கள். என்ன மருந்து பட்டது என்று தெரிந்த பிறகு எனக்கு எழுதுங்கள், செடியை வைத்துக்கொள்ளலாமா பிடுங்கலாமா என்று அப்போது பார்த்துச் சொல்கிறேன். பொட்டலத்தை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.